இருமலுக்கு 'சர்ஜரி'யா?

லண்டன் நகரத்தில் ஒரு வீடு. குழந்தைக்கு இருமல். கணவன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இருப்பவள் நம் ஊர்ப் பெண். அங்கே போய் 3 மாதந்தான் ஆகிறது. டாக்டருக்கு டெலிபோன் செய்கிறாள்.

மறுமுனையில் ஒரு பெண்மணி மளமளவென்று ஏதோ சொல்கிறாள். அதில் ஒரே ஒரு வார்த்தைதான் இவள் காதில் தெளிவாக விழுகிறது: "சர்ஜரி!"

அவ்வளவுதான். இவளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இருமலுக்கு ஆபரேஷனா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அந்த வார்த்தை கற்பனை அல்ல. இங்கிலாந்தில், டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கே 'சர்ஜரி' என்று பெயர். "காலை 9 மணிக்குச் சர்ஜரிக்கு வாருங்கள்" என்றால், "டாக்டரை வந்து பாருங்கள்" என்று அர்த்தம். கத்தியும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை!

இந்தப் பெண் ஆங்கிலமே தெரியாதவளா? இல்லை. ஆங்கிலப் பரீட்சையில் தேறிய பிறகுதான் அவள் விமானம் ஏறினாள். அப்படியானால் கோளாறு எங்கே?

வாசலில் ஒரு பரீட்சை

ஒருவருக்கு ஒரு மொழி எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்க ஐரோப்பாவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பியக் கவுன்சில் 2001-ம் ஆண்டில் அதை வெளியிட்டது. அதில் 6 படிகள். ஏ-1, ஏ-2, பி-1, பி-2, சி-1, சி-2 என்று அவற்றுக்குப் பெயர்.

ஏ-1 என்பது முதல் படி. பெயர் சொல்லலாம். விலை கேட்கலாம். மெதுவாகப் பேசினால் புரியும். பி-2 என்பது நான்காவது படி. ஒரு விஷயத்தைப் பற்றிக் காரணம் காட்டி வாதாடும் அளவுக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் குடியேறியிருக்கும் கணவனிடம் போய்ச் சேர விரும்பும் மனைவி, ஏ-1 பரீட்சையில் தேற வேண்டும். மனைவியிடம் போகும் கணவனுக்கும் இதே விதிதான். 2010-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி இது அமுலுக்கு வந்தது. 2017-ம் ஆண்டில் இன்னொரு விதி சேர்ந்தது. போனவர்கள் விசாவை நீட்டிக்கும்போது ஏ-2 பரீட்சையிலும் தேற வேண்டும்.

2025-ம் ஆண்டு மே 12-ந் தேதி, கீர் ஸ்டார்மரின் அரசாங்கம் குடியேற்றம் பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மொழி விதிகளை இன்னும் கடுமையாக்கப் போவதாக அதில் அறிவித்தது. தொழில் திறமை விசாவில் போகிறவர்களுக்கு பி-1 போதும் என்று இருந்தது. 2026-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி முதல், புதிதாக மனுப் போடுகிறவர்களுக்கு அது பி-2 ஆக உயர்ந்தது. அந்தத் தொழிலாளர்களின் மனைவிமாரும் கணவன்மாரும் ஏ-1 அளவுக்காவது ஆங்கிலம் தெரிந்து வர வேண்டும் என்பதும் வெள்ளை அறிக்கையின் திட்டம்.

ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள், அதற்குரிய அத்தாட்சியைக் காட்டினால் பரீட்சை எழுத வேண்டியதில்லை. ஆனால் பட்டம் பெற்றவரும் 'சர்ஜரி' என்ற சொல்லைக் கேட்டுத் திகைக்கத்தானே செய்வார்?

சர்க்கார் சொல்லும் நியாயம்

இப்படிக் கேட்பது நியாயமா?

நியாயம் இல்லாமல் இல்லை. மொழி தெரியாதவர் நல்ல வேலைக்குப் போக முடியாது. அக்கம்பக்கத்தாருடன் பழக முடியாது. சம்பளத்தில் முதலாளி ஏமாற்றினாலும் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

2021-ம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆங்கிலம் சரியாகப் பேச வராதவர்கள் ஏறக்குறைய 8 லட்சத்து 80 ஆயிரம் பேர். அறவே பேச வராதவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 61 ஆயிரம் பேர். இது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே, "ஆங்கிலம் கற்றுக்கொள்" என்று சொல்வதில் தவறு இல்லை. ஆனால் கற்றுக்கொடுப்பது யார்? இதுதான் கேள்வி.

பள்ளிக்கூடம் எங்கே?

வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க இங்கிலாந்தில் வகுப்புகள் இருக்கின்றன. 2008-ம் ஆண்டில் அவற்றுக்காக அரசாங்கம் செலவிட்ட தொகை 20 கோடி பவுனுக்கும் அதிகம். பத்தே ஆண்டுகளில் அந்தத் தொகை ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரசாங்கப் பணத்தில் நடக்கும் வகுப்பில் சேர வேண்டுமானால், வெளியிலிருந்து வந்தவர்கள் பொதுவாக 3 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். அகதிகளுக்கு இதில் விலக்கு உண்டு. சில பகுதிகளில் விதியைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். ஆனால் பொது விதி இதுதான்.

மனைவியாகப் போகிற பெண்ணின் கணக்கைப் பாருங்கள். அவளுக்கு முதலில் கிடைக்கும் விசா 2 ஆண்டு 9 மாதத்துக்கு. அது முடிவதற்குள் ஏ-2 பரீட்சையில் தேற வேண்டும். வகுப்பில் சேரும் தகுதியோ 3 ஆண்டு முடிந்தால்தான்!

பரீட்சை முந்துகிறது. பள்ளிக்கூடம் பிந்துகிறது. பையனை முதலில் பரீட்சை எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் பள்ளியில் சேர்ப்பது போல் இல்லையா இது?

கப்பலில் நடந்த வகுப்பு

எல்லா நாடுகளும் இப்படித்தான் செய்கின்றனவா? இல்லை. ஆஸ்திரேலியாவைப் பாருங்கள்.

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும், வீடு வாசல் இழந்த ஐரோப்பிய மக்கள் ஏராளமானோர் கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள். பலருக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. 1948-ம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசாங்கம் அவர்களுக்காக ஆங்கில வகுப்புகளைத் தொடங்கியது. கப்பலிலேயே பாடம் நடந்தது. கரை இறங்கியதும் பொனகில்லா போன்ற முகாம்களில் பாடம் தொடர்ந்தது. ரேடியோவிலும் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தத் திட்டம் நின்றுபோகவில்லை. நிரந்தரமாகக் குடியேறுகிறவர்களுக்கு இலவச வகுப்பு உண்டு. முன்பு ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பு இருந்தது. 2021-ம் ஆண்டில் அந்த வரம்பையும் நீக்கிவிட்டார்கள். கனடாவிலும் 1992-ம் ஆண்டு முதல் இத்தகைய இலவச வகுப்புகள் நடக்கின்றன.

புத்தகத்தில் இல்லாத ஆங்கிலம்

வகுப்பு எதற்கு? வீட்டிலிருந்தே புத்தகம் படித்தால் போதாதா?

போதாது. தெருவில் பேசும் ஆங்கிலம் வேறு.

பக்கத்து வீட்டுக்காரர், "ஆல் ரைட்?" என்று கேட்டுக்கொண்டே போவார். நம் உடம்புக்கு என்ன என்று அவர் விசாரிக்கவில்லை. அது வெறும் வணக்கம். தலைவலிக் கதையைத் தொடங்கினால் அவர் விழிப்பார்!

"சியர்ஸ்" என்றால் மதுக் கிண்ணம் தூக்குவது மட்டும் அல்ல. பஸ்ஸில் இறங்கும்போது டிரைவரிடம் அப்படிச் சொன்னால் "நன்றி" என்று அர்த்தம். இங்கிலாந்தின் வடக்கே "டீ சாப்பிட வாருங்கள்" என்றால், அது பல வீடுகளில் மாலைச் சாப்பாடு. "ஹாப் செவன்" என்றால் நாம் சொல்கிற ஏழரை மணி.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது மரியாதை. தமிழில் மரியாதை எங்கே இருக்கிறது? "கொடு" என்பதைக் "கொடுங்கள்" என்று சொன்னால் போதும். அந்த "ங்கள்" என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது கிடையாது. சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே "யூ"தான். அங்கே மரியாதையைச் சுமப்பது "பிளீஸ்" என்ற சொல்லும், "குட் ஐ ஹாவ்" என்று கேள்வியாகக் கேட்கும் முறையும்தான்.

நம்மவர் கடையில் போய், மனதுக்குள் "தண்ணீர் கொடுங்கள்" என்று மரியாதையாக நினைத்து, வாயால் "கிவ் வாட்டர்" என்று சொல்கிறார். கடைக்காரர் முகம் சுளிக்கிறார். நம்மவர் நினைக்கிறார், "இவர் நம்மை வெறுக்கிறார்" என்று. அவர் நினைக்கிறார், "இவருக்கு மரியாதை தெரியவில்லை" என்று. இருவர் மீதும் குற்றம் இல்லை. இதைப் பரீட்சை சொல்லித் தராது. மனிதரோடு மனிதர் பழகினால்தான் வரும்.

தமிழிலேயே வாழலாமா?

2021-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தமிழைத் தங்கள் முக்கிய மொழியாகச் சொன்னவர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கும் மேல். ஈழத்திலிருந்து போனவர்களும் நம் ஊரிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதிக்குப் போனால் முருங்கைக்காயும் கிடைக்கும், தமிழும் கிடைக்கும். மனதுக்கு எவ்வளவு ஆறுதல்!

ஆனால் ஆஸ்பத்திரியில்? பள்ளிக்கூட ஆசிரியரிடம்? போலீசிடம்?

பல வீடுகளில் இந்த வேலை குழந்தையின் தலையில் விழுகிறது. 10 வயதுப் பெண், தன் தாயின் வயிற்றுவலியை டாக்டருக்கு எடுத்துச் சொல்கிறாள். மகளிடம் சொல்லக் கூடாததைத் தாய் மறைத்துவிடுகிறாள். டாக்டருக்கு நோய் தெரியாமல் போகிறது. இதைவிட ஆபத்து உண்டா?

பிரிட்டனின் அரசாங்க மருத்துவ சேவையில், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நோயாளி கேட்கலாம். கட்டணம் கிடையாது. "தமிழ் இன்டர்பிரட்டர், பிளீஸ்" என்ற மூன்று சொற்கள் போதும். உயிருக்கு ஆபத்து என்றால் 999. அவசரம், ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 111. டெலிபோனிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. வீட்டை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

கணவன்மார்களே! எல்லா டெலிபோனையும் நீங்களே பேசாதீர்கள். அது அன்பு போல் தோன்றும். ஆனால் அவளை ஊமையாக்கிவிடும். டாக்டருக்கு அவளே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். பால் வாங்க அவள் தனியே போகட்டும். தப்பாகப் பேசட்டும். தப்புப் பேசாமல் மொழி கற்றவர் யாரும் இல்லை.

அக்கம்பக்கத்து நூல்நிலையத்தில் விசாரியுங்கள். தொண்டு செய்கிறவர்கள் பல ஊர்களில் இலவசமாக ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறார்கள். அதற்கு 3 ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

பெண்ணை அயல்நாட்டுக்கு அனுப்பும் பெற்றோர்களே! நகை, புடவை, ஊறுகாய் எல்லாம் கட்டிக் கொடுக்கிறீர்கள். அதோடு, தினம் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிப் பழகவும் வழி செய்யுங்கள். பரீட்சைக்காக மட்டும் அல்ல. புரியாதபோது, "மறுபடி மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேட்கும் தைரியத்துக்காக.

அந்தத் தைரியம் இருந்தால், 'சர்ஜரி' என்ற சொல் அவளைப் பயமுறுத்தாது. என்ன என்று கேட்பாள். காலை 9 மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவாள்.