ஒரு வேளைத் தீனி போதுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பன்றி என்றதும் முகம் சுளிப்போர் பலர். எங்கள் வீட்டில் பன்றி வளர்க்கிறோம். அந்த வருவாயில்தான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன். ஆதலால் இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

என் தந்தை இரவில் மட்டுமே தீனி வைப்பார். “மொத்தமாகத் தின்றால்தான் உடம்பில் ஒட்டும், தம்பி” என்பார். நூலகத்தில் படித்தபின் எனக்கு ஐயம் எழுந்தது.

நெடுநேரம் இரைப்பை வெறுமையாக இருந்தால், உணவுக்குழல் சேருமிடத்தை அமிலம் அரித்துப் புண்ணாக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் பாட்டர்ஹாம் என்பவர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், தீனியுடன் கலந்த தனி லைசினை, நாளுக்கு ஒரு முறை தின்ற பன்றிகளைவிடப் பலமுறை தின்றவையே நன்கு பயன்படுத்தின. தனி லைசின் விரைந்து இரத்தத்தில் சேர்கிறது. தீனியிலுள்ள புரதம் செரித்து மற்ற அமினோ அமிலங்கள் வருவதற்குள் அது வீணாகிறது. உடல் அதைச் சேமித்து வைப்பதில்லை.

அதற்காக நாள் முழுதும் ஊட்ட வேண்டுமென்பதல்ல. அமெரிக்காவில் இளங்குட்டிகளில் செய்த ஆய்வுகளில், இடைவிடாது உணவு பெற்றவற்றைவிட வேளை வைத்து உண்டவற்றிலேயே தசைப்புரதம் மிகுதியாக உருவாயிற்று. ஆகவே, வேளை தவறாமையே முக்கியம் என்பது என் கருத்து.

தந்தையிடம் சொன்னேன். “ஓட்டல் மிச்சம் இரவில்தானே கிடைக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி! பாதியை மூடி வைத்து, காலையில் நன்கு கொதிக்கவைத்து ஆறியபின் ஊற்றலாம் என்றேன். இப்போது காலைத் தீனி என் பொறுப்பு.

மாணவ நண்பர்களே! பெற்றோர் தொழிலை மறைக்கவா படிக்கிறோம்? அதைச் செம்மையாக்கவும் படிப்போமே!