கஷாயம் மருந்தில்லையா?

“பச்சிலைதானே! நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது” என்று சொல்லிக் கஷாயக் கிண்ணத்தை நீட்டாத தமிழ்க் குடும்பம் உண்டோ? மைசூருக்குப் பிழைக்க வந்த நம்மவரும், இந்த இராமாபுரத்தில் குடியேறியவர் உட்பட, அந்தக் கிண்ணத்தை ஊரில் விட்டுவிட்டு வரவில்லை. கொண்டு வந்தது குற்றமன்று. ஆனால் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தப் பழஞ்சொல் அங்கே பொய்த்துப் போகிறது. விஞ்ஞானம் பயில்கின்ற நாம் இதை எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

அந்த மாத்திரையை உண்போர் யார்? இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுபட்டு, மாற்று வால்வு பொருத்திக் கொண்டவர்கள் அவர்களில் ஒரு சாரார். 1990 டிசம்பர் 6-ஆம் நாள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், நம் நாட்டிலேயே செய்த சித்ரா வால்வு முதன்முதலாக ஒருவர் இதயத்தில் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை விலை கொடுத்து வாங்க இயலாத எத்தனையோ ஏழைகளுக்கு அது உயிர்ப் பிச்சை தந்தது. ஆனால் அத்தகைய வால்வைத் தாங்கியவர் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையை விடமுடியாது. விட்டால் வால்விலே இரத்தம் உறையும். மிஞ்சினால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனை அளவு பெரும்பாலோர்க்கு 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். வால்வு மாற்றியவர் சிலருக்குச் சற்று மேலே. கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடப்பது போன்ற வாழ்வு அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாத்திரையின் மூதாதையே ஒரு செடிதான்! 1920-களில் கனடாவிலும் வட அமெரிக்கப் பண்ணைகளிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் ஒழுகி மாண்டன. பூஞ்சை பிடித்த ஸ்வீட் க்ளோவர் என்னும் தீவனத்தைத் தின்றதே காரணம் என்று தெரிந்தது. 1933-இல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், உறையாத மாட்டு இரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பல்கலைக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே கார்ல் லிங்க் என்னும் இரசாயனப் பேராசிரியரின் குழு அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழித்தோன்றலான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக விற்கப்பட்டது. 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று. பச்சிலை தீமை செய்யாது என்போர் அந்த மாடுகளைச் சற்றே நினைக்கட்டும்.

“ஆற்றல் மிக்கது” என்று புட்டியின் முன்புறத்திலும், “பக்க விளைவு அற்றது” என்று பின்புறத்திலும் அச்சிடுகிறார்களே, இரண்டும் எப்படிப் பொருந்தும்? உடலில் வேலை செய்யும் பொருள், வேண்டாத வேளையிலும் வேலை செய்யத்தானே செய்யும்! நியூசிலாந்தில் வார்ஃபரினைச் சீராக உண்டு வந்த ஒருவர் மஞ்சள் சத்து கலந்த தயாரிப்பைத் தொடங்கினார். சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டிற்று. அந்நாட்டு மருந்துக் கண்காணிப்புத் துறை 2018-இல் இதைச் சொல்லி எச்சரித்தது.

உடனே குழம்புச் சட்டியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டா. சமையலில் விழும் சிட்டிகை வேறு, மாத்திரையில் அடைத்த சாரம் வேறு. மஞ்சளின் குர்குமின் சாதாரணமாகக் குடலில் மிகக் குறைவாகவே ஏறும். ஆனால் மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால், இரத்தத்தில் அது கிடைக்கும் அளவு 2,000 விழுக்காடு உயர்வதாக, நம் அண்டையிலுள்ள பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சி 1998-இலேயே காட்டிற்று. இன்று கடைகளில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சத்தும் இருப்பது இதனால்தான்.

பூண்டின் கதை இன்னும் நுட்பமானது. வார்ஃபரின், வைட்டமின் கே-யைப் பயன்படுத்தவிடாமல் கல்லீரலைத் தடுக்கிறது. பூண்டோ இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. பூட்டு இரண்டு, திருடரும் இருவர். பூண்டின் வேலை ஐ.என்.ஆர். சோதனையில் தெரிவதில்லை. எண் சரியாக இருக்கிறதே என்று மருத்துவரும் நோயாளியும் நிம்மதியாக இருப்பார்கள்! பூண்டை அளவுக்கு மிஞ்சி உண்ட 87 வயது முதியவர் ஒருவருக்கு, முதுகுத் தண்டின் அருகே இரத்தம் கட்டியதை 1990-இல் ஒரு மருத்துவ ஏடு வெளியிட்டது. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. திடீரென்று நாள்தோறும் கீரைச் சாறு குடிக்கத் தொடங்கினால் மாத்திரையின் வலிமை குன்றும். கீரையை விலக்க வேண்டியதில்லை. அளவை மாற்றாமல் உண்டால் போதும்.

இனி நம் கடமைக்கு வருவோம். 1908-இல் தோன்றிய அரசு ஆயுர்வேதக் கல்லூரியும், கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும் இவ்வூரில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. நோயாளி இரண்டுக்கும் நடக்கிறார், செய்திதான் நடப்பதில்லை. கன்னடம் அறியாத நம்மவருக்குத் துணையாக மருத்துவமனை செல்வது மாணவர் வழக்கம். “பேறே ஔஷதி ஏனாதரூ தகோதீரா?” என்று மருத்துவர் கேட்கிறார். “வேறு மருந்து உண்டா?” என்று நாம் தமிழாக்குகிறோம். “இல்லை” என்கிறார் நோயாளி. அவர் பொய் சொல்லவில்லை. அவர் அகராதியில் கஷாயம் மருந்தன்று! மருத்துவர்களும் மூலிகை என்றதும் முகம் சுளித்தால், அடுத்த முறை எவர் வாய் திறப்பார்? இந்தக் குறையில் அவர்களுக்கும் பங்குண்டு என்பேன்.

ஆகவே அடுத்த முறை “மருந்து உண்டா?” என்று மட்டும் மொழிபெயர்த்து நிறுத்தாதீர்கள். கஷாயம், சூரணம், லேகியம், கடையில் வாங்கிய மாத்திரை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். புட்டியையே பையில் எடுத்துவரச் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தும்படி மட்டும் எவருக்கும் சொல்லிவிடாதீர்கள். அது மருத்துவர் வேலை.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். பூண்டு என்றால் பெள்ளுள்ளி, மஞ்சள் என்றால் அரிஷின, இஞ்சி என்றால் சுண்டி, முருங்கை என்றால் நுக்கெ. இப்படி இருமொழியிலும் பெயர் எழுதி, உண்பதற்கு நேரே கோடிட்டுக் காட்டும்படி ஒரு சிறு தாள் அச்சிடலாம். செலவு அதிகமாகாது. கன்னட எழுத்து நன்கறிந்த தோழர் இருவர் முன்வந்தால், மூலிகைப் பட்டியலை நான் எழுதித் தருகிறேன்.