அம்மாவுக்காக ஓடியது தப்பா?

'தி பிளாஷ்' என்ற அமெரிக்கத் தொடரை வைத்து எங்கள் வீட்டில் தினமும் பட்டிமன்றம்தான். 2016-ல் வந்த கதை அது. மின்னல் வேக நாயகன் பாரி, காலத்தில் பின்னோக்கி ஓடி, சிறு வயதில் பறிகொடுத்த அம்மாவைக் காப்பாற்றி விடுகிறான். "சுயநலக்காரன்மா அவன்" என்கிறான் என் மகன். அப்பாவையும் பறிகொடுத்த சூட்டில் பிள்ளை வேறென்ன செய்வான்? என் அம்மா போய் நாலு வருஷமாச்சு. எனக்கு அந்தக் கால்கள் இருந்தால் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடியிருப்பேன்!

தப்பு அதற்குப் பிறகுதான். அம்மாவை மறுபடி சாகக் கொடுத்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கப் பார்க்கிறான். ஆனாலும், உயிரோடிருந்த நண்பன் சிஸ்கோவின் அண்ணன் இப்போது இல்லை. அது தன்னால்தான் என்பதை மறைத்துவிட்டு, அழுகிறவன் பக்கத்திலேயே நிற்கிறானே பாரி, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

- ஓர் இல்லத்தரசி, கரூர்.