திண்ணை வைத்த வீடு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வாழும் நெசவாளர் ஒருவர், நம் பங்கு அன்பர் ஒருவர் வழியாக நம்மிடம் யோசனை கேட்டனுப்பினார். வீடு பாட்டனார் கட்டியது. மழைக்காலத்தில் தளம் ஒழுகுகிறது; சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறிவிட்டது. இடித்துத் தள்ளிவிட்டுக் கான்கிரீட் வீடு எழுப்பலாம் என்கிறான் மூத்த மகன். இளையவனோ, இதையே செப்பனிட்டு, வெளியூரிலிருந்து வருவோர்க்கு இரவு தங்க அறையும் காலையில் சிற்றுண்டியும் அளித்துப் பொருளீட்டலாம் என்கிறான். “சாமியார் என்ன சொல்கிறார்?” என்பது தந்தையின் வினா. கட்டடக் கலையில் நாம் பட்டம் பெற்றவரல்லோம். ஆயினும் கால் நூற்றாண்டாகப் பங்குக் கோவில்களின் ஒழுகும் கூரைகளோடு மல்லாடியவர் என்ற உரிமையில் சில சொல்லலாம். இதே வினா நம் குடும்பங்கள் பலவற்றிலும் எழக்கூடியதாதலால், விடையை இப்பக்கத்திலேயே எழுதுகிறோம்.

முதலில் அவ்வீட்டைப் பார்ப்போம். தெருவை ஒட்டித் திண்ணை, கதவைக் கடந்தால் நடை, அப்பால் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும், கொல்லையில் கிணறு. கூடத்தில் குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டமர்ந்து மிதிகட்டையை மிதித்து நெய்கிறார். கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் நெய்து பிணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாவும் இரண்டு பேரும் வேண்டும். ஆகவே பக்கத்தில் துணையாள் உட்கார இடம் வேண்டும். பாவு நீளத்திற்கேற்பக் கூடமும் நீண்டிருக்க வேண்டும். நிறத்தைப் பிரித்தறியும் வெளிச்சம் முற்றத்திலிருந்து வருகிறது. தறிக்காகவே கட்டிய வீடு அது. மனிதர் எஞ்சிய இடத்தில் படுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாலும் மிகையன்று!

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. வழிப்போக்கன் எவனும் அனுமதி கேளாமல் உட்காரவும் இரவில் தலைசாய்க்கவும் வீட்டுக்காரன் தன் செலவில் கட்டிவைத்த இடம் அது. கோவில்களை நாடி யாத்திரிகர் நடந்து வந்த காலத்தில், சத்திரம் நிறைந்தால் திண்ணையே சத்திரமாயிற்று. இன்று பல வீடுகளில் அதற்குக் கம்பிக் கதவு போட்டு இருசக்கர வண்டியை நிறுத்துகிறோம். விருந்தினரை வீட்டில் தங்கவைப்பது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

மேல்நாட்டாரும் இதில் அனுபவம் மிக்கவரே. ஸ்பெயின் நாட்டு அரசு 1928 முதல் ‘பரடோர்’ என்னும் விடுதிகளை நடத்தி வருகிறது. பழைய கோட்டைகளும் துறவு மடங்களும் அவற்றுட் பல. சந்தியாகு அப்போஸ்தலரின் கல்லறையை நாடிச் செல்வோர்க்காக, கத்தோலிக்க அரசரான பெர்டினாந்தும் இசபெல்லாவும் கொம்போஸ்தெலா நகரில் நிறுவிய யாத்திரிகர் மருத்துவமனை 1954-இல் விடுதியாயிற்று. செல்வந்தர் தங்கும் விடுதியான பின்பும், நாள்தோறும் பத்து யாத்திரிகர்க்கு இலவச உணவளிக்கும் வழக்கம் அங்கே போற்றப்பட்டது. அந்தப் பத்துப் பேர் சாப்பாடு நம் மனத்தை விட்டு அகலவில்லை.

நம் நாட்டிலோ செட்டிநாட்டைச் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்டெழுந்த மாளிகைகள், 1942-இல் ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபின், அங்கிருந்து வந்த வருவாய் நின்று பூட்டிக்கிடந்தன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் பூசச் சொன்னால் மற்றவர் செலவு தரமாட்டார். தூணும் கதவும் பெயர்க்கப்பட்டுப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின. காரைக்குடியில் ‘பங்களா’ என்னும் பழைய இல்லம் 1999-இல் விருந்தினர்க்குத் திறக்கப்பட்டது. கானாடுகாத்தான் முதலிய ஊர்களிலும் சில மாளிகைகள் அவ்வழி சென்றன. புதுச்சேரியில் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியும் பெற்று, வைசியாள் வீதியின் தமிழ் வீடுகளைத் திண்ணையும் தாழ்வாரமுமாக மீட்டது. அவ்வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிட்டியது. தனித்த ஒரு வீட்டை மட்டும் எடுக்காமல் ஒரு வீதியையே எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காஞ்சியிலேயே, சங்கீத வித்துவான் நைனாப் பிள்ளை பெயர் தாங்கிய தெருவில், ‘காஞ்சி குடில்’ என்னும் பழைய இல்லம் புழங்கு பொருள்களோடு பார்வையாளர்க்குத் திறந்து வைக்கப்பட்டதுண்டு.

இத்தகைய வீடுகள் இரண்டில் நாமும் தங்கியிருக்கிறோம். ஒன்றில் எல்லாம் பளபளத்தது; வாசலில் உருளி நிறைய மலர் மிதந்தது. வீட்டுக்காரர் மட்டும் இல்லை. அவர் சென்னையில் இருப்பதாகப் பணியாள் சொன்னார். சுவரில் தொங்கிய படத்திலிருக்கும் பெரியவர் யாரென்று கேட்டோம், அவருக்குத் தெரியவில்லை. மற்றொன்றில் மின்விசிறி கிறீச்சிட்டது. குளியலறைக் குழாய் சொட்டியது. காலையில் அவ்வீட்டு ஆச்சி தாமே இடியப்பம் பரிமாறி, “இந்தத் தூணுக்குப் பின்னால்தான் என் மாமியாருக்குப் பயந்து ஒளிந்துகொள்வேன்” என்று காட்டிச் சிரித்தார். மறுமுறை எங்கே போவோம் என்று வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய சுற்றுலா அமைச்சகம் இவ்வகை இல்லங்களுக்கு வகுத்த விதியிலும் இந்த உண்மை இருக்கிறது. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வாழ வேண்டும். வாடகைக்கு விடும் அறை ஆறுக்கு மேற்படலாகாது. வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் முறைப்படி தெரிவிக்க வேண்டும். 2025–26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் இல்லத் தங்கல்களுக்கு முத்ரா கடன் வழங்குவதாகவும் அறிவித்தார்கள். கடன் கிடைக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கலாகாது என்பது நம் தனிப்பட்ட குறிப்பு.

இனி வருவாய்க் கணக்கு. காஞ்சிக்கு வருவோரில் பெரும்பாலோர் சென்னையிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோர். 2019-இல் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாட்களில் தங்க இடமின்றித் தவித்தவர் பலர். ஆனால் அது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதை நம்பி அறை கட்ட இயலாது. எனினும் ஒரு வாய்ப்புண்டு. கோவில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலை நான்கு மணிக்கே திறக்கின்றன. அந்த வெயிலில் மக்கள் கடை கடையாக அலைகிறார்கள். நிழலும் மோரும் மதிய உணவும் தரும் முற்றத்து வீடு அவர்கட்குச் சொர்க்கம். இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கயிலாசநாதர் கோவில் இளங்காலை வெளிச்சத்தில் எவ்வளவு அழகென்று அறிந்தவர், முந்திய இரவே வந்து தங்குவார். அக்கோவிலுக்கு நடந்துபோகும் தொலைவில் இவ்வீடு இருக்கிறது.

செப்பனிடும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் தளம் அது. ஒழுகுகிறதென்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி விட்டத்தை உளுக்கச் செய்யும். ஓதம் ஏறிய சுவருக்கும் இதே கதிதான். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேட வேண்டும். அத்தகையோர் நாளுக்கு நாள் அருகி வருகிறார்கள். இடிப்பதாயினும் கவலை தீராது. அத்தெருவில் இரு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர். ஒன்றைப் பெயர்த்தால் அண்டை வீட்டுக்காரரும் ஆடிப்போவார். மூத்தவன் இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் மூத்தவன் பேச்சிலும் நியாயமுண்டு. ஓதமேறிய அறையில் இருமிக்கொண்டே வளர்ந்தவனிடம் போய் மரபு என்று பேசுவது எளிதன்று. வெளியார் இரசிப்பதற்காக ஒரு குடும்பம் அசௌகரியத்தில் வாழ வேண்டியதில்லை. ஆகவே முதற்செலவு விருந்தினர் அறைக்கன்று. குடும்பத்தார் படுக்கும் அறைக்கும் கழிவறைக்கும் ஆகட்டும் என்றோம். தறி, நெய்வதற்காகவே ஓடட்டும். விருந்தினர் வந்தபோது மட்டும் மிதித்துக் காட்டும் பொம்மையாக அது மாறுமானால் அன்றே அறையைப் பூட்டிவிடலாம்.

இளையவன் எழுதிய கணக்கில் ஒரு பெரிய விடுபாடு கண்டோம். அறை வாடகை, மின்சாரம், பால், காய்கறி எல்லாம் இருந்தன; தாயாரின் உழைப்புக்கு ஒரு காசும் எழுதப்படவில்லை. விடியலில் எழுந்து இட்லி அவிப்பவரும் படுக்கை விரிப்பைத் துவைப்பவரும் அவரே. இப்போதும் தார் சுற்றிக் கணவருக்கு உதவுபவரும் அவரே. சிற்றுண்டிப் பணம் நேரே அவர் கையில் சேர வேண்டும், உதவிக்கு ஆள் வைக்க வேண்டும், மாதத்தில் சில நாள் விருந்தினரே இல்லாத நாளாக வேண்டும் என்று எழுதியனுப்பினோம். முதலில் ஓர் அறை மட்டும் திறந்து ஓராண்டு பார்க்கலாம் என்றும் சேர்த்தோம்.

தந்தையார் இன்னும் முடிவு சொல்லவில்லை. தாயார் மட்டும் அதே அன்பர் வழியாக ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: “வருகிறவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்? எங்கள் வீட்டில் ஐந்து மணிக்கே தறிச் சத்தம் தொடங்கிவிடுமே!”