நாடா ரெண்டு பக்கமும் ஓடணும்!



ஆரணியில "நாடா"ன்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தறியில இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் ஓடி, ஊடை இழையை இழுத்துட்டுப் போறதுதான் நாடா. இங்கிருந்து எறிஞ்சா அங்க போய்ச் சேரணும், அங்கிருந்து திரும்பி வரணும். பாதியில நின்னுச்சுன்னா புடவையில குறை விழும். அப்புறம் எவ்வளவு நல்ல பட்டு போட்டும் பிரயோஜனம் இல்ல.

டெல்லியிலயும் ஒரு "நாடா" இருக்கு. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையோட ஆங்கிலச் சுருக்கம் அது. 2005-ல ஆரம்பிச்சாங்க. விளையாட்டு வீரர்கள்கிட்ட சிறுநீர், ரத்த மாதிரி எடுத்து, தடை செஞ்ச மருந்து இருக்கான்னு பார்க்குறது இவங்க வேலை. இதே மாதிரி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முகமை உண்டு. எல்லாத்துக்கும் மேல உலக அமைப்பான வாடா, 1999-ல வந்தது.

பட்டு ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இதை ஏன் பேசணும்னு சிலர் கேப்பீங்க. காரணம் இருக்கு.

📌 2019-ல நடந்தது

திருச்சி மாவட்டம் முடிகண்டத்துப் பொண்ணு கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22, தோஹா, ஆசிய தடகளப் போட்டி. 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில ஓடி தங்கம் வாங்கினாங்க. கால்ல வேற வேற நிறத்துல ஷூ போட்டு ஓடின அந்தப் படத்தை ஷேர் பண்ணாத ஆளே இல்ல. கட்சி வித்தியாசம் பார்க்காம தமிழ்நாடே கொண்டாடிச்சு.

அடுத்த மாசமே இடி. நான்ட்ரோலோன்ங்கிற ஸ்டீராய்டு தடயம் இருக்குன்னு செய்தி. 2020-ல 4 வருஷத் தடை. தங்கமும் போச்சு. தடை செஞ்ச மருந்து எதையும் நான் எடுத்ததே இல்லைன்னுதான் அவங்க சொன்னாங்க.

தீர்ப்பு பற்றி நாம வாதாட வரல. ஆனா அந்தத் தீர்ப்புல இருக்கிற தேதிகளைப் பாருங்க. மொத்தம் நாலு மாதிரி. முதல் மாதிரி எடுத்தது மார்ச் 18-ல, நம்ம நாட்டு பாட்டியாலாவுல நடந்த ஃபெடரேஷன் கோப்பையில. தோஹா ஓட்டத்துக்கு ஒரு மாசத்துக்கும் மேல முன்னாடி! அந்த மாதிரி சொன்ன சேதி ஏப்ரல் 22-க்குள்ள சேர வேண்டிய இடத்துல சேரல. சேர்ந்திருந்தா அந்தப் பொண்ணு தோஹாவுக்குப் போயிருக்கவே மாட்டாங்க. விசாரணை நம்ம ஊர்லயே நடந்திருக்கும். கொடியோட நின்ன மேடையில இருந்து உலகமே பார்க்க இறக்கிவிட்ட மாதிரி ஆகியிருக்காது.

நாடா பாதியில நின்ன இடம் அதுதான்.

அதே வருஷம் ஆகஸ்ட்ல இன்னொரு அடி. டெல்லியில இருக்கிற தேசிய ஊக்கமருந்து சோதனை ஆய்வகத்தோட அங்கீகாரத்தை வாடா நிறுத்தி வெச்சுது. சோதனை முறை தரத்துக்கு இல்லைன்னு காரணம். அங்கீகாரம் திரும்பக் கிடைச்சது 2021 டிசம்பர்ல. அதுவரைக்கும் நம்ம பிள்ளைங்களோட மாதிரி விமானம் ஏறி வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போச்சு.

📌 இப்போ நிலைமை என்ன?

வாடா வெளியிட்ட கணக்குதான் இது:

▪️ 2023: இந்தியாவில 5,606 மாதிரி, 213 பேருக்கு பாசிட்டிவ். 3.8 சதவீதம்.
▪️ 2024: 7,113 மாதிரி, 260 பாசிட்டிவ். 3.6 சதவீதம்.

"சோதனை அதிகம் பண்றோம், அதனால அதிகம் மாட்டுறாங்க"ன்னு ஒரு பதில் வரும். எண்ணிக்கைக்கு அது சரி, சதவீதத்துக்கு எப்படி சரியாகும்? 2024-ல சீனாவில 24,000-க்கு மேல மாதிரி எடுத்து, மாட்டினது 43. நம்மளோட மூணு மடங்குக்கும் மேல சோதனை, ஆறுல ஒரு பங்கு பாசிட்டிவ். இந்தக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டுதான் 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்துல நடத்தப் போறோம், 2036 ஒலிம்பிக்கும் கேக்குறோம்.

📌 நாடுகள் சேர்ந்து வேலை செய்யறதுன்னா என்ன?

நம்ம வீரர் ஒருத்தர் ஆறு மாசம் வெளிநாட்டுல பயிற்சியில இருக்கார்னு வைங்க. டெல்லியில இருந்து ஆள் போய் கதவைத் தட்ட முடியுமா? அந்த நாட்டு முகமைகிட்ட கேட்டா அவங்க மாதிரி எடுப்பாங்க. முடிவு பொதுக் கணினித் தளத்துல ஏறும். இங்க தடை வாங்கினவர் அங்க போய் ஓட முடியாது. ஒரு நாட்டுல புது மருந்து பிடிபட்டா மத்த நாடுகளுக்கும் தகவல் போகும்.

வாடா பிறக்கறதுக்கு முன்னாடியே, 1990-களோட ஆரம்பத்துல, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன் மூணும் இப்படி ஒப்பந்தம் போட்டு வேலை செஞ்சாங்க. 2012-ல தேசிய முகமைகள் எல்லாம் சேர்ந்து ஜெர்மனியில பான் நகரத்துல தனியா ஒரு கூட்டமைப்பே வெச்சாங்க.

நம்ம பக்கமும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. அதையும் சொல்லணும். 2023 ஜூலை 3-ல டெல்லியில, நாடாவும் தெற்காசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பும் ஒப்பந்தம் போட்டாங்க. அந்த அமைப்புல வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை இருக்கு. பயிற்சி, கல்வி, ஆட்களைப் பரிமாறிக்கிறதுன்னு திட்டம்.

நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இலங்கையும் அதுல இருக்கே, தமிழ் எங்க? யாழ்ப்பாணத்துல ஓடுற பையனும் ஆரணியில ஓடுற பையனும் படிக்கிற மொழி ஒண்ணு. ரெண்டு நாட்டு முகமையும் சேர்ந்து எளிய தமிழ்ல ஒரு கையேடு போட்டா செலவும் பாதி, பலனும் ரெட்டிப்பு.

📌 நம்ம ஊர்க் கதை

காலையில அஞ்சரைக்கு கோட்டை மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்க. போலீஸ் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் ஓடுற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைங்க. அப்பா தறிக்குழியில காலை விட்டு உட்கார்ந்து நெய்யற காசுலதான் ஷூ வாங்குறாங்க. விளையாட்டுல மெடல் வாங்கினா அரசு வேலையில 3 சதவீத இட ஒதுக்கீடு. ஒரு மெடல்னா ஒரு குடும்பம் தறிக்குழியை விட்டு மேல வருது. அவசரம் அங்கதான் பிறக்குது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி போன வருஷம் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து காட்டினான். பில் இல்ல. உள்ள என்ன இருக்குங்கிற விவரம் பாதி அழிஞ்சிருக்கு. "அண்ணா, ஜிம்ல குடுத்தாங்க, பவுடர்தான்"னான். நான் படிச்சது இன்ஜினியரிங், எனக்கே அதுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல. அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? ஆனா விதி என்ன சொல்லுது? உன் உடம்புல எது இருந்தாலும் நீதான் பொறுப்பு. "தெரியாது"ன்னு சொன்னா மட்டும் விட மாட்டாங்க.

நாம பட்டு வாங்கும்போது இழையை எரிச்சுப் பார்ப்போம். முடி கருகின வாசனை வந்தா பட்டு, பிளாஸ்டிக் மாதிரி உருகினா வேற. அதுக்கும் மேல பட்டு முத்திரைன்னு ஒண்ணு பார்ப்போம். புடவைக்கு இருக்கிற அந்தப் பாதுகாப்பு நம்ம பிள்ளைங்க உடம்புக்கு வேண்டாமா?

✊ நாம கேக்குறது:

1️⃣ தேசியப் போட்டியில எடுத்த மாதிரியோட முடிவு, அணி விமானம் ஏறுறதுக்கு முன்னாடி வந்தாகணும். நம்ம ஆய்வகத்தால முடியலைன்னா வெளிநாட்டு ஆய்வகத்தோட உதவியை முன்கூட்டியே ஏற்பாடு பண்ணணும்.

2️⃣ நாடா சுதந்திரமா இயங்கணும். 2022 சட்டத்துல அரசு நியமிக்கிற வாரியத்துக்கு மேற்பார்வை அதிகாரம் கொடுத்தாங்க. வாடா எதிர்ப்புக்கு அப்புறம்தான் 2025-ல திருத்தினாங்க. திருத்தம் காகிதத்தோட நிக்கக் கூடாது.

3️⃣ தெற்காசிய ஒப்பந்தத்துல தமிழ்க் கையேடு, தமிழ்ப் பயிற்சி.

4️⃣ தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட ஒவ்வொரு விடுதியிலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊக்கமருந்து விழிப்புணர்வு வகுப்பு. பயிற்சியாளருக்கும் சேர்த்து. இது மாநிலம் செய்ய வேண்டியது, டெல்லியைக் கை காட்டித் தப்பிக்க முடியாது.

5️⃣ மாட்டின பிள்ளையோட விசாரணை முடியக் கூடாது. அந்த டப்பாவை வித்தவன் யார், கொடுத்த பயிற்சியாளர் யார்ன்னு போகணும்.

தோழர்களே, இந்தப் பதிவைப் படிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுலயோ தெருவுலயோ ஓடுற பிள்ளை ஒண்ணு இருக்கும். இன்னைக்கு சாயங்காலம் அந்தத் தம்பி, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: "என்ன சாப்பிடுற? பில் இருக்கா? டாக்டர்கிட்ட காட்டினியா?" சளிக்குப் போடுற சில மாத்திரையில கூட போட்டி நேரத்துல தடையுள்ள மருந்து இருக்கும். டாக்டர்கிட்ட போனா "நான் போட்டியில ஓடுறேன்"னு முதல்லயே சொல்லச் சொல்லுங்க.

நல்ல இழை நம்மகிட்ட இருக்கு. இந்தப் பக்கம் நாம எறியறோம். அந்தப் பக்கம் பிடிச்சுத் திருப்பி அனுப்ப டெல்லியில ஒரு கை வேணும். 🧵

படிச்சுட்டு ஷேர் பண்ணுங்க. உங்க ஊர் மைதானத்துல நிலைமை என்னன்னு கமெண்ட்ல எழுதுங்க, யார் பேரும் போடாம.

தகவல் தொழில்நுட்ப அணி, ஆரணி

#சுத்தமான_விளையாட்டு #ஆரணி #நம்ம_பிள்ளைங்க