ஒளியும் உளியும் உச்சமுனையும்

“இயந்திரம் வேலை செய்கின்றது, பொறியியலாளன் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றான்” என்ற கூற்று படித்தோர் சபைகளிலே அடிக்கடி ஒலிப்பதுண்டு. இதன் உடன்பிறப்பாக இன்னொரு கூற்றும் உண்டு: “அத்தகைய தொழில் உச்சமுனை போன்ற கரையோரக் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டாதது, அவனுக்குக் கடலும் வலையும் போதும்.” முன்னையது அறியாமை, பின்னையது அநீதி. அறியாமை அநீதிக்கு அரணாக நிற்பதனாலேயே இரண்டையும் ஒருங்கே மறுக்கவேண்டியுள்ளது.

விமான இயந்திரத்தின் சுழலி அலகுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றைத் தாக்கும் வாயுவின் வெப்பம், அவ்வலகுகள் வார்க்கப்பட்ட நிக்கல் கலப்புலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சுவது. ஆயினும் அவை உருகுவதில்லை. உட்குடைவான அவ்வலகுகளின் மேனியெங்கும் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள நுண்டுளைகள் இடப்பட்டிருக்கின்றன. அவற்றினூடே கசியும் காற்று, மெல்லிய போர்வைபோலப் படர்ந்து உலோகத்தைக் காக்கின்றது. கடினமான உலோகத்தில், சரிவான கோணத்தில், நூற்றுக்கணக்கில் இத்தகைய துளைகளை இடுதல் உருக்கு உளிக்கு அரிது. அங்கேதான் லேசர் ஒளி உளியாகின்றது. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1964இல் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கியவர் மகாராட்டிரத்தின் பாராமதியிற் பிறந்த குமார் பட்டேல். மறு ஆண்டிலேயே வைர அச்சுக்களைத் துளைக்கும் ஆலைத்தொழிலில் லேசர் இறங்கிவிட்டது.

இனி, ‘பார்த்துக்கொண்டிருப்பவன்’ செய்வது யாது? ஒளி உலோகத்தை உருக்கி வெளியேற்றும்பொழுது, உருகியதில் ஒரு பகுதி துளையின் சுவரிலேயே மீண்டும் உறைகின்றது. அவ்வுறைபடலம் தடித்துவிட்டால் அதில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவ்வெடிப்புகள் உட்புறமும் பரவக்கூடும். ஒளித்துடிப்பின் ஆற்றல் மிகுந்தால், துளையைக் கடந்த கதிர் எதிர்ச்சுவரையும் காயப்படுத்தும். தெறித்த உலோகத் துகள் காப்புக் கண்ணாடியில் ஒட்டினால் குவியம் கெடும். இயந்திரம் இட்ட கட்டளையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றும். கட்டளை தவறானதாயின் தவற்றையும் இம்மி பிசகாமல் நிறைவேற்றும். எனவே மாதிரித் துண்டை அறுத்து, மெருகிட்டு, நுணுக்குக்காட்டியின்கீழ் படலத்தை அளப்பதும், துளைகளினூடே காற்றைச் செலுத்தி ஓட்டத்தைச் சோதிப்பதும், ஐயத்திற்கிடமான பாகத்தை ஏற்பதா கழிப்பதா என்று முடிவுசெய்து கையொப்பமிடுவதும் மனிதனின் கடன். அக்கையொப்பம் தெரியாத மனிதர்களின் உயிருக்கு அளிக்கப்படும் பிணை.

அப்பிணை பொய்த்தால் நேர்வது யாது என்பதற்கு 1996 யூலை 6ஆம் நாள் சான்று. அமெரிக்காவின் பென்சகோலா விமான நிலையத்தில், புறப்படுவதற்கு ஓடிக்கொண்டிருந்த எம்.டி. 88 விமானமொன்றின் இயந்திர விசிறிக் குடம் பிளந்தது. அதன் சிதறல்கள் பயணிகள் பகுதியை ஊடுருவ இருவர் மாண்டனர். தைத்தேனியக் குடத்தில் துளையிட்டபொழுது ஒரு துளையின் சுவர் மிகையாகச் சூடேறி உலோகத்தின் நுண்ணமைப்பு மாறியிருந்ததையும், அங்கிருந்தே வெடிப்பு வளர்ந்ததையும் விசாரணை காட்டியது. ஆலையிற் செய்யப்பட்ட பரிசோதனையும், பின்னர் பராமரிப்பின்போது செய்யப்பட்ட பரிசோதனையும் அதைக் கடந்துபோகவிட்டன. அங்கே துளைத்தது லேசரன்று, சாதாரண துளைகருவியே. ஆயினும் பாடம் ஒன்றே: கருவி மாறலாம், காணவேண்டிய கண் மாறுவதில்லை.

அந்தக் கண் கருவிலே வாய்ப்பதன்று, கற்பிக்கப்படுவது. பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் அதன் நெடுங்கணக்கு. இங்கேதான் உச்சமுனை வழக்காடுகின்றது. கற்பிட்டிக் குடாநாட்டின் அருகே, களப்புக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே, கடலை நம்பி வாழும் குடியிருப்பு அது. உல்லாசப் பயண விடுதிகளுக்காக 14 தீவுகளைத் திட்டப் படத்தில் அடையாளமிட அதிகாரத்திற்குக் கண் இருந்தது. 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்திற்குச் சீனத்திலிருந்து சுழலிகளைக் கொணர வழி இருந்தது. அச்சுழலி எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதைக் கரையோரப் பிள்ளைக்குக் கற்பிக்க மட்டும் வழியில்லையாம்!

இந்நாட்டுப் பாடசாலைகள் 1ஏபி என்றும் 1சி என்றும் வகுக்கப்பட்டுள்ளன. முன்னையதில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. பின்னையதில் கலையும் வர்த்தகமுமே உண்டு. 2013இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது; ஆயினும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் பிரிவின் பெயர் மட்டும் துளையிடப் போதாது. பல்கலைக்கழகக் கலைப்பீடங்களில் நிறைந்திருக்கும் கிராமத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேர் கலையைத் தெரிந்தெடுத்தனர்? எத்தனை பேர் வேறு வாயில் திறவாமையால் வந்தனர்? கலை இழிந்ததன்று. தெரிவற்ற நிலையே இழிந்தது. அதனைப் ‘பண்பாட்டுப் பற்று’ எனப் போற்றுவது பூட்டிய கதவுக்கு மாலையிடுவதாகும்.

“இலங்கையில் விமான இயந்திரம் ஆக்கும் ஆலை எங்கே? ஆலையில்லா ஊரில் அறிவெதற்கு?” என்று வினவுவோர் உளர். பாராமதியில் எந்த லேசர் ஆலை இருந்தது? மேலும், வளைகுடாவின் அக்கரையை அவர்கள் நோக்கட்டும். மகேந்திரகிரியில் ஏவூர்தி இயந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. குலசேகரன்பட்டினத்தில் 2024இல் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிறீகரிக்கோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு எழும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்லவேண்டியிருப்பதே அவ்விடத்தைத் தெரிந்தமைக்கு ஒரு காரணம். வானூர்திகள் விலகிச் செல்லும் நிலமாக மட்டுமே இத்தீவு அவ்வரலாற்றில் இடம்பெறுவது யாருக்குப் பெருமை?

“எல்லோரும் படித்துப் போய்விட்டால் மீன்பிடிப்பவர் யார்?” என்பது இறுதிக் கணை. இவ்வினாவை எழுப்புவோர் தம் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றியதில்லை. கடற்றொழில் மாண்புடையது, அதனை விரும்பி ஏற்பவன் தலைநிமிர்ந்து ஏற்கட்டும். வேறு வழியடைத்து அதனுள் தள்ளுவது மாண்பன்று, சிறை.

ஆகவே வேண்டப்படுவது அனுதாபமன்று. கற்பிட்டிக் கரையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் நிரந்தரமான கணித, விஞ்ஞான ஆசிரியர். பூட்டித் துருப்பிடிக்காத ஆய்வுகூடம். தீவுப் பிள்ளைகள் தங்கிக் கற்க விடுதி. இம்மூன்றும் விண்ணிலிருந்து இறங்கவேண்டியவையல்ல. ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படவேண்டியவை. அவற்றை எழுத மறுப்பவர், உச்சமுனைப் பிள்ளைக்கு அறிவு எட்டாதென இனி உரைக்காதிருக்கட்டும். எட்டாமற் செய்தவர் தாமே என்று உரைக்கட்டும்.