பேஸ்மேக்கர் வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

ஆம்பூர் பக்கத்து விவசாயி ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். தோல் ஷாப்பில் பல வருடம் உழைத்துவிட்டு இப்போது தென்னையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அவர். நான்கு வருடத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். இப்போது இடுப்பு வலி, வலது கால் மரத்துப்போகிறது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் சென்டரில் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எக்கோ ஆகியவற்றில் காந்தம் கிடையாது; தாராளமாக எடுக்கலாம். சி.டி.யும் எடுக்கலாம். கதிர் நேராகக் கருவி மேல் பட்டால் அபூர்வமாகச் சிறு தடுமாற்றம் வரும் என்பதால் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நரம்பு எம்.ஆர்.ஐ. அளவுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் டிஸ்க் பிதுங்கியிருந்தால் பல நேரம் சி.டி.யிலேயே தெரிந்துவிடும். அது போதுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

எம்.ஆர்.ஐ. மிஷினின் காந்தம் லேசுப்பட்டதல்ல. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போனவரை மிஷின் இழுத்து, அவர் உயிரே போனது. பேஸ்மேக்கரிலோ, கம்பியின் நுனி சூடாகலாம், துடிப்புக் கணக்கு தவறலாம். சென்டர்காரர்கள் தயங்கியதில் தப்பில்லை.

ஆனால் எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற பேஸ்மேக்கர்கள் வந்து பல வருடமாகிறது; அமெரிக்காவில் 2011இலேயே அனுமதி கிடைத்தது. பழைய வகைக் கருவியோடு 1.5 டெஸ்லாவில் 1,500 முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. கருவியை முறையாக மாற்றியமைத்து எடுத்ததால் ஸ்கேன் நேரத்தில் ஒருவரும் இறக்கவில்லை.

ஆகவே பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடி எடுங்கள். கம்பெனி, மாடல் எண், கம்பியின் விவரம் அதில் இருக்கும். பெட்டி, கம்பி இரண்டுமே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய கம்பி உள்ளே விடப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அட்டையோடு, இதயப் பிரிவும் ஸ்கேன் பிரிவும் ஒரே இடத்தில் உள்ள வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. ஸ்கேனுக்கு முன் கருவியை மாற்றி வைத்து, எடுக்கும்போது துடிப்பைக் கவனித்து, முடிந்ததும் பழையபடி திருப்ப வேண்டும். திருப்பியாயிற்றா என்று கேட்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அரைஞாண் கொடியைக் கழற்றச் சொன்னால் பெரியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கால் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.